அரைப்பேர் ஓடை

இலங்கை மலையகத்தில் ஓடுகிற தண்ணீருக்கு எந்த மொழியில் பெயர் என்பது அது எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தது. ஆறாக இருந்தால் சிங்களம்: கொத்மலை ஓயா, நானு ஓயா, மஸ்கெலியா ஓயா, கெஹெல்கமு ஓயா. தேயிலைக்கு நடுவில் விழுகிற நீர்வீழ்ச்சியாக இருந்தால் அநேகமாக வெள்ளைக்காரப் பெயர். தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஏ7 வீதியில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் படம் பிடிக்கிறார்களே, டெவோனும் சென்கிளேயரும், அவற்றில் முன்னது கோப்பி பயிரிட்ட ஒரு துரையின் பெயர், பின்னது தோட்டத்தின் பெயர். ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனால் சாமுவேல் பேக்கரின் பெயரில் ஒரு நீர்வீழ்ச்சி. சமவெளிக்கே வில்மட் ஹோர்ட்டன் என்ற ஆளுநரின் பெயர். நுவரெலியாவில் தலகல ஓயாவை மறித்து 1873-ல் ஏரி கட்டக் கட்டளையிட்டவர் ஆளுநர் கிரகரி. ஓடையாக இருந்தவரை சிங்களப் பெயரோடு இருந்த தண்ணீர், தேங்கி அழகானதும் கிரகரி ஏரி ஆகிவிட்டது. ரம்பொடை, லக்ஷபான, துன்ஹிந்த என்று விதிவிலக்குகளும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை.

இவை போக மிஞ்சுவது சின்னத் தண்ணீர். பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடக்கிற அளவு ஓடை. 1800-ல் தொடங்கிய நில அளவைத் திணைக்களத்தின் வரைபடத்தில் இவையெல்லாம் நீலக் கோடுகள் மட்டும்தான், பக்கத்தில் ஓர் எழுத்தும் இருக்காது. ஆனால் தோட்டத்தில் எந்தக் கிழவியைக் கேட்டாலும் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்வாள். அந்தப் பெயர்கள் தமிழ்.

எங்கள் ஓடையும் அந்த ரகம். லிந்துலைப் பக்கத்தில், தோட்டத்துக்கு மேலே முகட்டில் மிஞ்சியிருக்கும் ஒரு துண்டுக் காட்டில் ஊறி, தேயிலை மலைகளுக்கு நடுவே இறங்கி, ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னால் வளைந்து, தார் ரோட்டின் மதகுக்குள் நுழைந்து கொத்மலை ஓயாவில் விழுகிறது. அந்தக் காடு மிஞ்சியதற்கும் ஒரு கதை உண்டு. கோப்பிக்காக மலையெல்லாம் மொட்டையானபோது, 1873-ல் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்து ஜோசப் ஹூக்கர் 5,000 அடிக்கு மேலே உள்ள காட்டையாவது விட்டுவையுங்கள் என்று அரசாங்கத்துக்கு யோசனை சொன்னார். அதற்குள் விற்றுத் தீர்ந்தது போக எஞ்சிய இடங்களில் காடு பிழைத்தது. பிழைத்த இடங்களில் ஊற்றும் பிழைத்தது.

இவ்வளவு சின்ன ஓடைக்கு ஒரு பெயர் போதாதா? போதவில்லை. காட்டிலிருந்து வெளியே வரும் இடத்தில் அது பீலித்தண்ணி. அங்கிருந்துதான் முன்பு மூங்கில் பீலியிலும், பிறகு இரும்புக் குழாயிலும், இப்போது கறுப்பு பிளாஸ்டிக் குழாயிலும் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்குத் தண்ணீர் வருகிறது. ஸ்டோருக்குப் பின்னால் போனால் அதுவே ஸ்டோர் ஆறு. அங்கே பழைய காலத்தில் இந்தத் தண்ணீரை வாய்க்காலில் திருப்பி ரோதை என்கிற பெரிய சக்கரத்தைச் சுற்றவைத்து இயந்திரங்களை ஓட்டினார்கள். சுற்றுகிற இரும்பும் பெல்ட்டும் கையையும் சேலையையும் இழுத்த காலம் அது. அதனால் ரோதமுனி என்று ஒரு காவல் தெய்வத்தை ஸ்டோருக்கு வெளியே நட்டுக் கும்பிட்டார்கள். மின்சாரம் வந்து ரோதை கழன்ற பிறகும் முனி அங்கேயேதான் இருக்கிறார். தமிழ்நாட்டிலிருந்து மாரியம்மனையும் முனியாண்டியையும் கூட்டிவந்த சனங்கள், இங்கே வந்து இயந்திரச் சக்கரத்துக்கென்று ஒரு முனியைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். எனக்கு மலையகத்துச் சாமிகளில் மிகவும் பிடித்தவர் இவர்தான்.

பீலித்தண்ணிக்கும் ஸ்டோர் ஆற்றுக்கும் இடைப்பட்ட துண்டுதான் அரைப்பேர் ஓடை. சொல்லும்போது அரப்பேரு. 'அரப்பேர்ல குளிச்சிட்டு வாரேன்', 'அரப்பேர்ல மாடு நிக்கிது', அவ்வளவுதான். சின்ன வயதில் நாங்கள் யாரும் அதற்கு அர்த்தம் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது, ஓடைக்கு அது பெயர்.

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டும். தோட்டத்தில் பேர் என்பது ஒரு நாள் வேலை. காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போய், கங்காணி காட்டிய மலையில் சொன்ன வேலையை முடித்தால் செக்ரோல் என்கிற வரவுப் பதிவேட்டில் ஒரு பேர் விழும். 'இந்த மாசம் எத்தனை பேரு?' என்று கேட்டால் எத்தனை நாள் சம்பளம் என்று பொருள். கொழுந்து எடுப்பவர்களுக்கு அன்றைக்கு இவ்வளவு கிலோ என்று ஒரு கணக்கு உண்டு. அது குறைந்தால் அரைப்பேர். மதியத்துக்குப் பிறகு மலைக்குத் திரும்பாவிட்டாலும் அரைப்பேர். கடனைச் சீட்டில் எழுதித் தொழிலாளியைக் கட்டிப்போட்ட துண்டு முறையை 1921-ல் ஒழித்தார்கள். 1927-ல் குறைந்தபட்சச் சம்பளத்துக்குச் சட்டம் வந்தது. 1984-ல் பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே சம்பளம் என்றானது. வருடக்கணக்காகப் போராடிய 1,000 ரூபாய் நாள் சம்பளம் 2021-ல் அரசாங்க வர்த்தமானியில் வந்து, 2024-ல் அது 1,350 ஆனது. அரைப்பேர் மட்டும் எல்லாவற்றையும் தாண்டி உயிரோடு இருக்கிறது. 1,000 ரூபாய் வந்த கையோடு பல தோட்டங்களில் கிலோவைக் கூட்டிவிட்டார்கள் என்ற சண்டைதான் நடந்தது. அப்புறம் என்ன, கிலோ எட்டாதவளுக்கு அரைப்பேர்.

ஓடைக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று எனக்குச் சொன்னது பெரியம்மா. அவருக்குச் சொன்னது எங்கள் அப்பாயி. பெரியம்மா கொழுந்து எடுத்தே ஓய்வு பெற்றவர். இப்போதும் நடக்கும்போது முதுகில் கூடை இருப்பதுபோல் சற்று முன்னால் சாய்ந்துதான் நடப்பார். அவர் புள்ளக்காம்பரா என்பது, தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம்.

"புள்ளக்காம்பரா இந்தப் பக்கம், எட்டாம் நம்பர் மலை அந்தப் பக்கம். பச்சப்புள்ளக்காரி என்னா செய்வா? மத்தியானம் கொழுந்த நிறுத்துட்டு ஓடியாந்து பால் குடுப்பா. குடுத்துட்டு நிமிந்து பாத்தா மேல மலை கறுத்திருக்கும். ஓடைக்கு வாரதுக்குள்ள தண்ணி இடுப்புக்கு வந்திரும்."

"பாலம் இல்லையா பெரியம்மா?"

"அப்ப ஏது பாலம்? ஒரு மரத்த வெட்டிப் போட்டிருந்தாங்க. தண்ணி வந்தா மொதல்ல போறது அந்த மரந்தான்."

"சரி, அந்தப் பக்கம் இருக்குற கங்காணிக்குத் தெரியாதா, தண்ணியாலதான் வர முடியலன்னு?"

பெரியம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "தெரியாம என்னா? இந்தக் கரையில இருந்து கூப்பிட்டா அந்தக் கரைக்குக் கேக்கும். கேட்டாலும் கேக்காத மாதிரி நிப்பாரு. அவரையும் சும்மா சொல்லக்கூடாது, அவருக்கு மேல கணக்கப்புள்ள, கணக்கப்புள்ளைக்கு மேல கண்டக்டர் ஐயா, அவருக்கு மேல தொர. தண்ணி வந்துச்சு, மழை வந்துச்சுன்னு செக்ரோல்ல எழுதுறதுக்கு எடம் இல்ல. ஆள் வந்துச்சா, வரலையா. அவ்வளவுதான்."

இப்படி மழைக்காலம் முழுக்கப் பத்துப் பதினைந்து பெண்கள், எல்லோரும் கைக்குழந்தைக்காரிகள், கம்பளியைத் தலையில் போர்த்திக்கொண்டு இந்தக் கரையில் குந்தியிருப்பார்களாம். தண்ணீர் இறங்கினால் ஓடலாம் என்று. சில நாள் இறங்கும், பல நாள் இறங்காது. அங்கே உட்கார்ந்திருந்த யாரோ ஒருத்தி ஒரு நாள் ஓடையைப் பார்த்து, 'வந்துட்டான்டி அரப்பேரு' என்று சொல்லியிருக்கிறாள். சிரிப்பில் சொன்னாளோ வயிற்றெரிச்சலில் சொன்னாளோ, அது நிலைத்துவிட்டது. அந்த ஒருத்தி யார் என்று அப்பாயிக்கும் தெரியாது. அப்பாயி அந்தத் தோட்டத்துக்கு மருமகளாக வந்தபோதே ஓடைக்கு அதுதான் பெயர்.

இதில் என்னை உட்காரவைத்த விஷயம் வேறு. ஒரு சின்ன ஓடை கால்மணி நேரத்தில் எப்படி இடுப்பளவு ஏறும்? காட்டுக்குள் ஓடுகிற ஓடை அப்படி ஏறாது. அங்கே மழை முதலில் இலையில் விழும், பிறகு சருகில், பிறகு மண்ணுக்குள் போய் மெதுவாக ஊறி வரும். தேயிலை மலையில் தண்ணீர் போகிற வழியே வேறு. செங்குத்தான சரிவில் மண் கரைந்து போகாமலிருக்க, மலையைச் சுற்றிச் சமமட்டத்துக்குக் கொஞ்சம் சாய்வாகக் கான், அதாவது வடிகால், வெட்டுவார்கள். இடையிடையே மண் தங்குவதற்குக் குழி இருக்கும். வரிசை வரிசையாக ஓடும் கான்கள் எல்லாம் மேலிருந்து கீழே இறங்கும் ஒரு பெரிய கானில் சேரும். பெரிய கான் நேரே ஓடையில் விழும். நன்றாக வெட்டிய கான் என்றால் மலையில் விழுந்த மழையைத் தாமதமில்லாமல் கொண்டுபோய் ஓடையில் கொட்ட வேண்டும். அதற்காகத்தான் வெட்டுவதே. குழிகளைத் துப்புரவாக வைத்திருந்தால் வேகம் கொஞ்சம் தணியும். அந்த வேலைக்கு ஆள் போடாத வருடங்களில் அதுவும் இல்லை.

கான் வெட்டுவது ஆண்கள் வேலை. காலையில் அளந்து கொடுத்த தூரத்தை வெட்டி முடித்தால் மதியத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம், முழுப்பேர். தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்தும், மண்ணைக் கிளறிவிடுகிற முள்ளுக்குத்துவதும் அதே மாதிரிதான். கொழுந்து எடுப்பது மட்டும் சாயந்தர நிறுவை வரை இழுக்கும். ஆக, புருஷன் காலையில் வெட்டிய கானுக்கு அவனுக்கு முழுப்பேர் விழுந்திருக்கும். மத்தியானத்துக்குப் பிறகு அந்தக் கான் கொண்டுவந்த தண்ணீரால் பெண்சாதிக்கு அரைப்பேர் விழுந்திருக்கும். சாயந்தரம் ஒரே லயத்துக்காம்பராவில் ஒரே அடுப்பைச் சுற்றி இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள். பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது, "இதெல்லாம் நீ படிச்சிட்டு வந்து சொல்ற கணக்கு" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா ஒங்க பெரியப்பா நல்லாத்தான் கான் வெட்டுவாரு" என்றார்.

ஆண்களிடம் கேட்டால் அந்தத் துண்டுக்கு வேறு பெயர் சொல்வார்கள். அது கரகத்து ஓடை. மாரியம்மன் திருவிழாவுக்குக் கரகம் பாலிக்கிற இடம் அதுதான். இரவில் தப்பு முழங்க, பந்தம் பிடித்துக்கொண்டு பூசாரியோடு இறங்கி, ஓடைக்கரையில் பூவைச் சுற்றி ஜோடித்து, அருள் வந்து தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். திருவிழா முடிந்து முளைப்பாரியைக் கரைப்பதும் அங்கேயேதான். கோயில் கமிட்டி அடிக்கிற நோட்டீஸில் கரகத்து ஓடை என்றுதான் இருக்கும். இரண்டு பெயரும் ஒரே இருபது முப்பது பாக நீளத்துக்குத்தான். நோட்டீஸில் ஏறியது ஆண்கள் வைத்த பெயர், வாயில் நின்றது பெண்கள் வைத்த பெயர். எனக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. கரகம் வருடத்துக்கு ஒரு தரம். தண்ணீர் தினமும் வரும்.

மூன்றாவது ஒரு கட்சியும் உண்டு. தோட்டத்து ஆபீஸில் நெடுங்காலம் வேலை செய்த ஓர் ஐயா, 'அரைப்பேரும் கிடையாது முழுப்பேரும் கிடையாது, அது ஒரு வெள்ளைக்காரத் துரையின் பெயர், நம்ம சனங்க வாயில் சிதைந்துபோச்சு' என்று அடித்துச் சொன்னார். எந்தத் துரை, எந்த வருடம் என்று கேட்டால் 'பழைய ஆள்' என்பதோடு நிறுத்திக்கொள்வார். அவர் சொல்வது நடக்காத காரியமில்லை. தோட்டங்களின் இங்கிலீஷ் பெயர்களை நம் ஆட்கள் உருட்டிப் புரட்டித் தங்கள் வாய்க்கு ஏற்றபடி ஆக்கியதும் உண்டு, அந்தப் பெயர்களைக் கண்டுகொள்ளாமல் தாங்களே புதுப் பெயர் வைத்ததும் உண்டு. பெயர்ப்பலகையில் ஸ்கொட்லாந்து ஊர் ஒன்றின் பெயர் இருக்கும், சனங்கள் வாயில் பெரிய கங்காணியின் பெயரோ ஒரு மரத்தின் பெயரோ இருக்கும். இது எவ்வளவு தூரம் போனது என்றால், தோட்டங்களைப் பட்டியலிட்ட பெர்குசன் டிரெக்டரியில் தோட்டங்களின் தமிழ்ப் பெயர்களையும் துரைமார்களே அச்சடிக்க வேண்டியதாயிற்று. ஆனால் ஓடைகள் அந்த டிரெக்டரியில் இல்லை. ஐயாவின் கட்சிக்கு என்னிடம் உள்ள ஒரே பதில், துரைமார்கள் தங்கள் பெயரை வைப்பதற்கு இதைவிட நல்ல தண்ணீரைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்பதுதான். கூப்பிடு தூரத்தில் டெவோன் மாதிரி ஒன்று விழுந்துகொண்டிருக்கும்போது யார் இந்தச் சாக்கடை அகல ஓடையில் பெயர் எழுதுவார்?

ஓடைக்குக் கீழே உள்ள சிங்களக் கிராமத்தில் விசாரித்தபோது அவர்கள் தொல என்றார்கள், சிங்களத்தில் ஓடை. என்ன தொல என்று கேட்டேன். சிரித்தார்கள். ஒரு தொலதானே இருக்கிறது, அதற்கு முன்னால் என்ன போட? நியாயமான பேச்சு.

இந்தப் பெயர் கடல் தாண்டியும் இருக்கிறது. 1964-ல் இலங்கைப் பிரதமரும் இந்தியப் பிரதமரும் போட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. மலையகத் தமிழரை இன்னாருக்கு இந்த நாடு என்று தலைக்கணக்கில் பிரித்து, 525,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதென்று எழுதினார்கள். எங்கள் லயத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். தலவாக்கலையில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அங்கிருந்து நீலகிரி. திரும்பிப் போகிறவர்களுக்கென்று 1968-ல் தமிழ்நாடு அரசு நீலகிரியில் போட்ட தேயிலைத் தோட்டங்களில்தான் எங்கள் சித்தப்பா குடும்பத்துக்கு வேலை கிடைத்தது. மறுபடியும் மலை, மறுபடியும் கொழுந்து. வாட்ஸப் வந்த பிறகு ஒரு நாள் கோத்தகிரியிலிருந்து சித்தி பேசினார். அந்த வயதிலும் குரல் கணீர் என்று இருந்தது. நலம் விசாரித்து முடித்ததும் முதலில் கேட்டது, "அரப்பேர்ல இப்பவும் தண்ணி வருதா?" நான் மழைக்காலத்தில் வருகிறது என்றேன். "மழக்காலத்துல வந்துதான் எங்க உசுர வாங்குச்சு" என்றார். தன் மூத்த பிள்ளைக்குப் பால் கொடுக்க வந்து அந்தப் பக்கம் போக முடியாமல் போன நாட்களைச் சித்தி இன்னும் சம்பளத்தில் கழித்துக்கொண்டிருக்கிறார். எந்த மாதம் எத்தனை அரைப்பேர் என்றுகூடச் சொன்னார். பெரியம்மா சொன்னதும் சித்தி சொன்னதும் ஒத்துப்போனது. ஐயா கட்சி அதோடு என்னிடம் தோற்றது.

தண்ணீரை மட்டும் பின்தொடர்ந்து போனால் அது வேறு உலகம். மதகைத் தாண்டிக் கொத்மலை ஓயாவில் விழுந்த கொஞ்ச தூரத்திலேயே தலவாக்கலை அணை மறிக்கிறது. 2012-ல் திறந்த மேல் கொத்மலை நீர்மின் திட்டம், 150 மெகாவாட். ஆற்றை அங்கே பிடித்து மலைக்குள் சுமார் 13 கிலோமீட்டர் சுரங்கத்தில் அனுப்புகிறார்கள். சென்கிளேயருக்கு வழக்கமாக வந்த தண்ணீர் இப்போது சுரங்கத்துக்குள் போகிறது, நீர்வீழ்ச்சிக்கு அளந்து விடுகிறார்கள். பெயர்பெற்ற நீர்வீழ்ச்சி அளவுச் சாப்பாட்டில் இருக்க, பெயர் தெரியாத எங்கள் ஓடை அதன் இஷ்டத்துக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அப்புறம் மகாவலி. பொல்கொல்லையில் 1976 முதல் ஒரு பங்கைப் பிரித்து வடமத்திய மாகாணத்து வயல்களுக்கு அனுப்புகிறார்கள். மிச்சம் விக்டோரியா, ரந்தெனிகல என்று ஒவ்வொரு அணையாகத் தாண்டித் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக்குடாவில் கடலைத் தொடுகிறது. மகாவலியின் நீளம் 335 கிலோமீட்டர் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம். அதில் எங்கள் தோட்டத்துத் தண்ணீரும் சேர்த்தி என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

பாலம் பிறகு வந்தது. ஒரு தேர்தலுக்கு முன்னால், கொங்கிரீட்டில், இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் நடக்கிற அகலத்தில். கைப்பிடி ஒரு பக்கம்தான் போட்டார்கள், இன்னும் மற்றப் பக்கம் போடவில்லை. எட்டாம் நம்பர் மலையில் பாதி இப்போது காடேறிக் கிடக்கிறது, மீதியைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்க்கிறார்கள். அங்கே பேரும் இல்லை, அரைப்பேரும் இல்லை. அது நல்லதா கெட்டதா என்று கேட்டால் லயத்தில் ஒவ்வொரு காம்பராவிலும் ஒவ்வொரு பதில் வரும். என் தங்கச்சி மகள் கொழும்பில் துணிக்கடையில் நிற்கிறாள். அவளுக்கு அரப்பேரு என்றால் குளிக்கிற இடம்.

கூகுள் மேப்பில் பெயர் இல்லாத இடத்துக்கு நாமே பெயர் எழுதி அனுப்பலாம். ஓடையின் நீலக் கோட்டைக் கண்டுபிடித்து, பாலம் இருக்கும் இடத்தில் விரலை வைத்து, அரைப்பேர் ஓடை என்று எழுதினேன். அரைப்பேரா அரப்பேரா என்பதில் தம்பியோடு வாக்குவாதம் நடந்தது. பேசுகிற மாதிரியே போடு என்பது அவன் கட்சி. நான் ஐகாரத்தை விடவில்லை, படிக்கிறவனுக்கு விளங்க வேண்டும் அல்லவா. பெரியம்மா திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னாடா அது, எங்க அனுப்புறீங்க?"

"ஓடைக்குப் பேர் போடுறோம் பெரியம்மா. உலகத்துல யாரு பாத்தாலும் தெரியும்."

"போடுறதுதான் போடுறீங்க, முழுப்பேரா போடுங்கடா."